விலங்கோடு போன மூத்தவர்

மலையகத்து முஸ்லிம் வீடொன்றில் அமர்ந்து, "உங்கள் மூத்தவர் எங்கிருந்து வந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடையோ பலசரக்குக்கடையோ வைத்திருந்த குடும்பமாயின், காயல்பட்டினத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ வியாபாரத்துக்கு வந்தவர் என்பார்கள். நுவரெலியாப் பக்கத்து மலாய்க் குடும்பமாயின், ஜாவாவிலிருந்து படைவீரராக வந்தவர் என்பார்கள். அரச வம்சம் என்று சேர்த்துக்கொள்வோரும் உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பமாயின், கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர் என்பார்கள்.

வியாபாரி, வீரர், தொழிலாளி. இம்மூவரையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நான்காவதாக ஒருவரும் நமது வரலாற்றில் இருக்கிறார். அவரைப் பற்றி எந்த உம்மும்மாவும் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னதில்லை. அவர் கைதி.

அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பழைய பத்திரங்களின் வழியே தன் மூதாதையரைத் தேடப் புகும் எவரும் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொள்வார். காலனித்துவ அரசு ஏழை மனிதனின் பெயரை இலகுவில் எழுதுவதில்லை. ஒழுங்காக உழைத்து, ஒழுங்காகத் தொழுது, ஒழுங்காக மௌத்தான மனிதனைப் பற்றி அதனிடம் ஒரு வரிகூட இராது. அவன் நீதிமன்றத்தில் நின்றால், மறியலுக்குப் போனால், கப்பலில் ஏற்றப்பட்டால் மட்டும் பெயர், வயது, தொழில், குற்றம் யாவும் எழுதப்படும். ஆகவே நம் மூத்தோரை அடையும் வழி பல சமயங்களில் மறியற்சாலை வாசலினூடாகவே செல்கிறது. அந்த வாசலில் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டால் அவர்களை என்றைக்கும் காண முடியாது.

நாடு கடத்தலின் தீவு

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கை ஒரு நாடு கடத்தல் தீவாக இருந்தது. பத்தாவியா என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜகார்த்தாவிலிருந்து ஒல்லாந்தக் கொம்பனி தனக்கு வேண்டாதவர்களை இங்கே அனுப்பியது. மகஸ்ஸரைச் சேர்ந்த மார்க்க மேதை ஷெய்கு யூசுப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பத்தாண்டுகளின் பின் 1694இல் அவர் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்பட்டார். 1708இல் ஜாவாவின் மத்தாராம் அரசர் மூன்றாம் அமங்குராத் தம் குடும்பத்தோடு இங்கே கொண்டுவரப்பட்டார். இப்பெயர்கள் நூல்களில் உண்டு. ஆனால் அரசரும் அறிஞரும் மாத்திரம் வரவில்லை. சாதாரணக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரும் அடிமைகளும் அதே கப்பல்களில் வந்தனர். கோட்டைகளிலும் பொது வேலைகளிலும் பணி செய்தனர். கொம்பனியின் கூலிப் படையில் சேர்ந்த வீரர்களும் வந்தனர். இவர்கள் யாவரும் கலந்து உருவானதே இலங்கை மலாயர் சமூகம்.

அதாவது, "ஜாவா மூத்தவர்" என்று நாம் சொல்லும் ஒருவர் இளவரசராகவும் இருக்கலாம்; சங்கிலியில் வந்தவராகவும் இருக்கலாம். குடும்ப நினைவு முதலாமவரைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டது. இரண்டாமவரைக் காலப்போக்கில் மறந்துவிட்டது.

கைதிகள் இங்கே வந்தார்கள் என்பது கதையின் ஒரு பாதி. இங்கிருந்தும் கைதிகள் போனார்கள் என்பது மறுபாதி. அப்படிப் போன ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவரது கதை தேயிலைக்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது. அது தொடங்குவது மலையகத்தின் வாசலான கண்டியில்.

1803, கண்டி

1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் வசமாயின. ஒல்லாந்தரிடம் சேவை செய்த மலாய் வீரர்கள் ஆங்கிலேயரின் படைக்கு மாறினர். 1803இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்ற முனைந்து, நகருக்குள் ஒரு காவற்படையை நிறுத்தினர். காய்ச்சலும் பசியும் அப்படையைத் தின்றன. 1803 ஜூன் 24ஆந் திகதி மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலி ஆற்றைக் கடக்க வழியின்றி வத்தப்புளுவையில் நின்ற ஆங்கிலேயப் படையினர் கொல்லப்பட்டனர்.

மலாய் வீரர்களுக்கு மட்டும் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஒரு வழி வைத்தான். தன் சேவையில் சேரலாம். அவனது படையிலும் ஏற்கனவே மலாயர் இருந்தனர். அவர்களுள் ஒரு தலைவரான சங்குங்லோ அன்றைய மோதலில்தான் மாண்டார். இரு பக்கத்திலும் ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் நின்றனர்.

ஆங்கிலேயரின் மலாய்ப் படைத் தலைவர் கப்டன் நூர்தீன் மன்னன் முன் விழுந்து வணங்கவும் சேவையில் சேரவும் மறுத்தார். அவரும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டனர். ஆங்கிலேய ஆசிரியர்கள் அவரைப் பற்றி மிக்க மரியாதையோடு எழுதினர்.

வேறு பலர் மன்னனோடு சேர்ந்து உயிர் தப்பினர். அவர்களுள் ஒருவர் படையின் தலைமை முரசறைவோர். பத்திரங்களில் அவரது பெயர் வில்லியம் ஓ'டீன்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். 1815இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முரசறைவோரும் அகப்பட்டார். படையை விட்டோடி எதிரியோடு சேர்ந்தவர் என்று இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பின்னர் அது நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. 'கங்காரு' என்னும் கப்பல் 1816 பெப்ரவரியில் அவரைச் சிட்னியில் இறக்கியது. கூடவே மனைவியும் மூன்று பிள்ளைகளும். மனைவியின் பெயர் ஈவ் என்று பதிவாகியுள்ளது. இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவில் குடியேறியோருள் பெயர் தெரிந்த முதல் குடும்பம் என்று இன்று குறிப்பிடப்படுவது இந்தக் குடும்பமே.

ஏறக்குறைய அதே காலத்தில், 1816 ஜனவரியில், அவர் சேவித்த மன்னனும் இன்னொரு கப்பலில் ஏற்றப்பட்டான். அது சென்னைக்குச் சென்றது. வேலூர்க் கோட்டையில் கைதியாக வாழ்ந்து 1832இல் அவன் இறந்தான். மன்னனுக்கு வேலூர், முரசறைவோருக்குச் சிட்னி.

ஓ'டீனும் நம் டீன்களும்

ஓ'டீன் என்ற பெயரைக் கேட்டால் அயர்லாந்துக்காரர் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் நம்மில் எத்தனை டீன்கள்! நூர்டீன், நிசாம்டீன், சம்சுடீன், கமால்டீன். 'தீன்' என்று முடியும் அறபுப் பெயர் ஆங்கிலேய எழுதுவினைஞரின் காதில் விழுந்து, பேனாவில் இறங்கும்போது என்னவாகும் என்பதை நம் ஆள் அடையாள அட்டைகளே சொல்லும். அந்த முரசறைவோரின் பெயரும் ஓ'டீன், ஓடீன், ஊடீன் என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது.

தேடுவோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பழைய பத்திரத்தில் உள்ள பெயர் மூத்தவர் சொன்ன பெயரல்ல. எழுதியவர் கேட்ட பெயர். ஆகவே எழுத்தை வைத்துத் தேடினால் தவறிவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும். நம் மலையகத்துப் பதிவேடுகளிலும் இதே நிலைதான். ஒரே மனிதர் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயராகவும், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயராகவும், பள்ளிவாசல் நிகாஹ் பதிவில் மூன்றாவது பெயராகவும் இருப்பார்.

ஓ'டீனின் பிற்கால வாழ்வு தண்டனையோடு முடிந்துவிடவில்லை. அவுஸ்திரேலியாவின் வட கரைக்கு மகஸ்ஸர் முஸ்லிம் கடலோடிகள் ஆண்டுதோறும் கடலட்டை பிடிக்க வருவார்கள். அவர்களோடு வணிகம் செய்ய எண்ணிய ஆங்கிலேயர் 1827இல் ராபிள்ஸ் குடாவில் ஒரு குடியிருப்பை அமைத்தனர். கடலோடிகளோடு பேச மலாய் மொழி தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. கண்டியில் எதிரியோடு சேர்ந்தவர் என்று மரண தண்டனை பெற்ற அதே மனிதர் அரசின் மொழிபெயர்ப்பாளராக அங்கே போனார். குடியிருப்பின் தளபதியாக இருந்த கொலெட் பாக்கரின் நாட்குறிப்பில் அவர் இடம்பெறுகிறார். 1829இல் அந்தக் குடியிருப்பு கைவிடப்பட்டது.

இத்தனை விபரமும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? அவர் கைதி என்பதால். கப்பலில் ஏற்றும்போது ஒரு பட்டியல், இறக்கும்போது ஒரு பட்டியல், குடியேற்றச் செயலாளரின் கடிதங்கள், ஆட்கணக்குகள் என்று கைதியின் ஒவ்வோர் அடியையும் அரசு எழுதிவைத்தது. 1788க்கும் 1868க்கும் இடையில் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். கைதிப் பரம்பரை என்பது அங்கே நெடுங்காலம் மறைக்க வேண்டிய கறையாக இருந்தது. பிறகு பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பதிவேடுகளைத் திறந்தனர். கறை கதையாயிற்று, கதை பெருமையாயிற்று. அந்தக் கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓ'டீனின் வழித்தோன்றல்களும் அதே பாதையில் தேடித்தான் கண்டியில் முரசடித்த தம் மூத்தவரைக் கண்டடைந்தனர்.

மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். அவரோடு அதே படையில் நின்று, குற்றம் ஏதும் சாட்டப்படாமல் இலங்கையிலேயே வாழ்ந்து இறந்த சாதாரண மலாய் வீரர்களின் வாழ்வு நமக்கு இவ்வளவு தெரியுமா? மலாய்ப் படையினரின் வரலாற்றைக் கலாநிதி பி.ஏ. ஹுஸைன்மியா 1990இல் 'ஒறாங் றெஜிமென்' என்ற நூலாகத் தந்தார். படையின் வரலாறு கிடைத்தது. ஆனால் தனி மனிதர் பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறார்.

பாஷாவும் முரசறைவோரும்

"என்ன இருந்தாலும் கைதி கைதிதானே" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி உண்டு. ஒறாபி பாஷா யார்?

எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அஹ்மத் ஒறாபி பாஷாவுக்கு 1882இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அது நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் அவர் கொழும்பில் வந்திறங்கினார். பின்னர் கண்டியில் வாழ்ந்தார். 1901இல் தாயகம் திரும்பினார். அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று 1892இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலைக்கு அவர் அளித்த ஊக்கத்தை நாம் இன்றும் நன்றியோடு பேசுகிறோம். அந்தப் பாடசாலையே ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது.

சட்டத்தின் கண்ணில் பாஷாவுக்கும் முரசறைவோருக்கும் நேர்ந்தது ஒன்றே: இராணுவ நீதிமன்றம், மரண தண்டனை, நாடு கடத்தல். ஒருவரை நாம் பாஷா என்கிறோம். மற்றவரின் பெயரையே நாம் அறியோம்.

இருவரும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. பாஷா ஒரு கொள்கைக்காக நின்றார். முரசறைவோர் உயிருக்காக ஒரு முடிவெடுத்தார். அந்த முடிவுக்கு முன்னால் கப்டன் நூர்தீனின் மறுப்பும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஓ'டீனை வீரராக்குவது பொய்யாகும். மூதாதையரைத் தேடுவது அவரைப் புனிதராக்குவதற்கல்ல. அவர் நின்ற இடத்தில் நின்று பார்ப்பதற்கே. காய்ச்சலும் பட்டினியுமாய், கண்முன்னே தலைகள் விழும் நாளில், தனதல்லாத இரு அரசுகளுக்கிடையே நின்ற ஒரு வெளியூர் முரசுக்காரரைத் 'துரோகி' என்று எழுதியது தோற்ற பின் வென்ற தரப்பு. தீர்ப்பை வாசிப்பவர் தீர்ப்பெழுதியவர் யார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தோட்டத்துக் 'குற்றவாளிகள்'

தீர்ப்பை இவ்வாறு வாசிக்கப் பழகிக்கொண்டு இனித் தேயிலை மலைக்குள் நுழைவோம்.

படையினரின் சுகவாச நிலையமாக நுவரெலியாவைத் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1829இல் அமைத்தார். தேயிலை வந்தது பின்னர்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் அதைப் பயிரிட்டது 1867இல். மலாயரின் சிலோன் றைபிள் றெஜிமென்ட் 1873இல் கலைக்கப்பட்டது. துப்பாக்கியை இறக்கிவைத்த மலாயர் பொலிஸிலும் தீயணைப்புப் படையிலும் மறியற்சாலைக் காவலிலும் தோட்டங்களின் மேற்பார்வை வேலையிலும் சேர்ந்தனர். விலங்கோடு வந்தவர்களின் பேரர்கள் மறியற்சாலைச் சாவியைப் பிடித்தார்கள் என்பதும் நம் வரலாற்றில்தான் நடந்தது.

அந்த மறியற்சாலைகளுக்கு மலையிலிருந்து போனவர்கள் யார்? கள்வரும் கொலைகாரரும் மட்டுமல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றவியல் விடயமாக்கியது. அனுமதியின்றி தோட்டத்தை விட்டுப் போனாலும், தக்க காரணமின்றி வேலைக்கு வர மறுத்தாலும் மூன்று மாதம் வரை மறியல். அது கடூழியமாகவும் இருக்கலாம். துரை சம்பளத்தைத் தாமதித்தால் அது கணக்கு வழக்கு. தொழிலாளி ஒரு மலையைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போனால் அது குற்றம்.

இதற்கு மேல் துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் அவரை எடுக்காது. கடன் கங்காணியிடம் தொடங்கித் தொழிலாளியின் தலையில் முடிந்தது. கடனிலிருந்து தப்ப ஒரே வழி இரவோடிரவாக ஓடிப்போவது. ஓடினால் பிடியாணை. பிடிபட்டால் நீதிமன்றம். துண்டு முறையும் இந்தத் தண்டனைப் பிரிவுகளும் 1920களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தன.

பெருந்தொகைத் தமிழ்த் தொழிலாளரோடு சிறு தொகை முஸ்லிம் குடும்பங்களும் அதே லயங்களில் வாழ்ந்தன. அதே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தன. அதே சட்டத்தின் கீழ் இருந்தன. ஆகவே மலையக நீதிமன்றம் ஒன்றின் பழைய ஏட்டில் தன் பூட்டனாரின் பெயருக்கு எதிரே 'குற்றவாளி' என்று கண்டு ஒருவர் திடுக்கிட்டால், அடுத்த வரியையும் வாசிக்கட்டும். அவர் செய்த குற்றம் பெரும்பாலும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்ததாகவே இருக்கும். இன்று நாம் அதை வேலை மாறுதல் என்கிறோம்.

பெயர் இல்லாதவன் நாடில்லாதவன்

இது பழங்கதைப் பிரியர்களின் பொழுதுபோக்கு அல்ல. மலையகத்தில் மூத்தவரின் பத்திரம் ஒருவரின் நாட்டையே தீர்மானித்திருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டுமாறு கேட்டது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இடையறாது வதிந்ததற்கு ஆதாரம் கேட்டது. சட்டத்தின் பெயரிலேயே 'பாகிஸ்தானியர்' இருந்ததை நம்மவர் மறக்கலாகாது. இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் அந்த வலைக்குள்தான் நின்றன. மன்னார்ப் பாதையில் நடந்து வந்தவருக்கு எவர் பத்திரம் கொடுத்தார்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டில் தோட்டத்தின் இலக்கம் இருந்தது. மனிதனின் பெயர் இல்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரைத் தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி செய்யும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

தண்டிப்பதற்கு அரசிடம் தொழிலாளியின் பெயர் இருந்தது. உரிமை கொடுப்பதற்கு இல்லை. கைதியின் பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போது நெஞ்சில் தைக்கும் உண்மை இதுதான்.

செய்ய வேண்டியவை

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துச் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஒல்லாந்தக் கொம்பனியின் ஆவணங்களையும் யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை பத்திரமாக உள்ளன. ஆபத்தில் உள்ளவை நம் கையில் இருப்பவையே.

தோட்டங்களின் பழைய செக்ரோல்கள், பற்றுச்சீட்டுகள், பள்ளிவாசல்களின் நிகாஹ், ஜனாஸாப் பதிவுகள், மையவாடி மீஸான் கற்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தோட்டம் கைமாறும்போதும் பள்ளிவாசல் புதுப்பிக்கப்படும்போதும் இவை குப்பைக்கும் அடுப்புக்கும் போகின்றன. பழைய கிதாபுகளின் வெற்றுத்தாள்களில் பிறப்பையும் மரணத்தையும் குறித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. சோனகர் வீட்டில் அது அறபுத் தமிழில் இருக்கும். மலாயர் வீட்டில் குண்டுல் எழுத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாத காரணத்தால் அவற்றைக் கிழியவிடுகிறோம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் பிடித்து வைக்கலாம். அது இன்று ஒரு கைபேசியின் வேலை.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்கும்போது, "மூத்தவர் என்ன பெருமை செய்தார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாராவது மறியலுக்குப் போனார்களா? யாராவது சொல்லாமல் ஓடிப்போனார்களா?" என்றும் கேளுங்கள். முதலில் ஒரு மௌனம் இருக்கும். அதன் பிறகு வரும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டியில் முரசடித்த மனிதரின் பிள்ளைகளின் பிள்ளைகள் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவரோடு கப்பலேறாமல் இங்கேயே, இந்த மலைகளிலேயே நின்றுவிட்டவர்களின் பிள்ளைகள் நாம். நம் மூத்தவர்கள் இன்னும் தேடப்படாமல் இருக்கிறார்கள்.